வேலை இடத்துல டாய்லெட் சரியில்லன்னா உடம்புக்குள்ள என்ன நடக்குது?

துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், கார்மென்ட்ஸ், ஸ்பின்னிங் மில்லு, ஸ்கூலுன்னு எங்க வேலை பாக்குற பொண்ணுங்ககிட்ட பேசினாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். காலையில வீட்ல பாத்ரூம் போயிட்டு கிளம்பினா அடுத்தது ராத்திரி வீட்டுக்கு வந்துதான், நடுவுல போறதே இல்லன்னு. ஏன்னு கேட்டா "அங்க இருக்கிற டாய்லெட்டுக்குப் போனா இன்ஃபெக்ஷன் வந்துடும், அதனால தண்ணியே குடிக்கிறதில்ல"ன்னு சொல்வாங்க, ஏதோ உடம்பைப் பத்திரமா பாத்துக்கிற மாதிரி. அம்மாக்களும் பொண்ணுங்களுக்கு இதையே சொல்லி அனுப்புறாங்க. ஆனா இன்ஃபெக்ஷன் வரக்கூடாதுன்னு இவங்க பண்ற இந்த ரெண்டும்தான், அதாவது அடக்குறதும் தண்ணி குடிக்காம இருக்கிறதும்தான், இன்ஃபெக்ஷனுக்கு வழி போட்டுக் குடுக்குது. இது ஏன் எப்படின்னு அடியில இருந்து பாத்துடலாம், அப்புறம் இது யாரோட பொறுப்பு, என்ன கேக்கலாம்ங்கறதுக்கு வரலாம்.

டாய்லெட் இருக்குன்னா என்ன அர்த்தம்?

மேனேஜர்கிட்ட கேட்டா "இருக்கே, பின்னாடி இருக்கே"ம்பாரு. அவர் சொல்றது பொய் இல்ல, ஒரு ரூம் இருக்கு, ஒரு கதவு இருக்கு. ஆனா அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, லைட்டு எரியாது, குழாயில தண்ணி காலையில மட்டும் வரும், சோப்பு கண்ணுலயே படாது, நாப்கின் போட மூடி வெச்ச குப்பைத்தொட்டி இல்ல. இல்லன்னா எல்லாம் பளபளன்னு இருக்கும், ஆனா நாலாவது மாடியில இருந்து இறங்கி குடோன் பக்கம் போகணும், போக சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கணும், பத்து நிமிஷம் ஆச்சுன்னா எல்லார் முன்னாடியும் கேள்வி வரும், டார்கெட்டும் முடியாது.

அதனால "வசதி"ன்னு சொல்லும்போது ரூமை மட்டும் கணக்குல எடுத்தா பத்தாது. தண்ணி, சோப்பு, வெளிச்சம், தாழ்ப்பாள், குப்பைத்தொட்டி, பக்கத்துல இருக்கிறது, கேக்கக் கூச்சப்படாம போயிட்டு வர நேரம், இது அத்தனையும் சேர்ந்தாதான் வசதி. இதுல ஒண்ணு இல்லன்னாலும் அந்த ஆளு போகாம அடக்கிக்குவா. என்னைக் கேட்டா இந்தப் பட்டியல்ல ரொம்ப முக்கியமானது, யாரும் பேசாததும்கூட, அந்த நேரம்தான். டைல்ஸ் போட்ட சூப்பர் டாய்லெட் கட்டி வெச்சுட்டு போக விடலன்னா அது இருந்து என்ன பிரயோஜனம்.

மூத்திரப்பை எப்படி வேலை செய்யுது

கிட்னி ரெண்டும் ராப்பகலா ரத்தத்தை வடிகட்டி சிறுநீரை சொட்டுச் சொட்டா கீழ அனுப்பிக்கிட்டே இருக்கும், சாதாரணமா ஒரு நாளைக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு லிட்டர். அது வந்து சேர்ற இடம்தான் மூத்திரப்பை, நல்லா விரியக்கூடிய தசைப் பை. சுமார் 150, 200 மில்லி சேர்ந்ததுமே "போகணும்"னு லேசா ஒரு உணர்வு வரும், 400, 500 மில்லி வந்துட்டா தாங்க முடியாது. பையில இருந்து வெளிய வர்ற குழாய்க்கு சிறுநீர்க்குழாய்னு வெச்சுக்குவோம். பெண்களுக்கு இதோட நீளம் ஏறக்குறைய 4 செ.மீ. தான், ஆண்களுக்கு 20 செ.மீ. பக்கம். அதுவும் பெண்களுக்கு அந்தக் குழாயோட வாய் ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. இந்த ரெண்டு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க, மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது.

இப்ப சமையக்கட்டு சிங்க்கை நினைச்சுப் பாருங்க. தினமும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் அந்தப் பைப்புல பெருசா ஒண்ணும் ஒட்டாது. ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா வாய்கிட்டயே வழவழன்னு படிஞ்சு நாத்தம் ஏறியிருக்கும். வெளிய இருந்து யாரும் புதுசா அழுக்கு கொண்டுவந்து கொட்டல, ஏற்கெனவே உள்ள இருந்த கிருமிதான் கழுவி விட ஆள் இல்லாததால பெருகி மேல ஏறிடுச்சு.

நம்ம உடம்புலயும் ஏறக்குறைய இதேதான். நம்ம குடல்லயே ஈ.கோலைன்னு ஒரு பாக்டீரியா இருக்கு, குடலுக்குள்ள இருக்கிற வரைக்கும் பெரும்பாலும் அதால தொந்தரவு இல்ல. அது ஆசனவாய்ப் பக்கத்துத் தோல்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து சிறுநீர்க்குழாய் வாய்க்கு வந்து, அந்த 4 செ.மீ. ஏறி பைக்குள்ள போய் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பெருக ஆரம்பிச்சா அதுக்குப் பேர்தான் சிறுநீர்த் தொற்று, நாம யூரினரி இன்ஃபெக்ஷன்னு சொல்றது. இந்தத் தொற்றுல பெரும்பாலானது இந்த ஈ.கோலையாலதான். ஒவ்வொரு தடவை நாம சிறுநீர் கழிக்கும்போதும் ஏறி வந்ததெல்லாம் அடிச்சுக்கிட்டு வெளிய போயிடுது, உடம்பு வெச்சிருக்கிற முதல் காவலே அதுதான். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அடக்கினா அந்தக் காவல் அவ்வளவு நேரமும் இல்லாம போகுது, கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்குது.

சுருக்கமா, தொற்று பெரும்பாலும் நம்ம உடம்புல இருக்கிற கிருமியால வருது, அதைத் தடுக்கிறது அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. அடக்குற எல்லாருக்கும் தொற்று வந்துடும்னு இல்ல, ஆனா வர்றதுக்கான வாய்ப்பு கூடுது.

அப்ப அழுக்கு டாய்லெட்டால ஒண்ணும் ஆகாதா?

ஆகும், ஆனா நாம நினைக்கிற வழியில இல்ல. சீட்ல உக்காந்ததும் அதுல இருக்கிற கிருமி அப்படியே உள்ள ஏறிடும்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. சீட்ல படுறது தொடைத் தோலு, அது நல்ல தடுப்புச் சுவர், அது வழியா சிறுநீர்த் தொற்று வர்றது ரொம்ப அபூர்வம். இந்தப் பயத்துல நிறைய பேர் சீட்ல படாம பாதி குந்தின மாதிரி அந்தரத்துல நின்னுக்கிட்டுப் போவாங்க, அப்ப தொடையும் இடுப்பும் இறுகி இருக்கிறதால அடிவயித்துத் தசை தளராது, பை முழுசா காலியாகாம கொஞ்சம் உள்ளயே தங்கிடும். சீட்டைக் கொஞ்சம் தண்ணி ஊத்தித் துடைச்சுட்டு நிம்மதியா உக்கார்றது இதைவிட எவ்வளவோ மேல். இந்தியன் டாய்லெட்டா இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல, முழுசா குந்தலாம்.

அழுக்கு டாய்லெட்டோட நிஜமான ஆபத்து வேற பக்கம் இருக்கு. ஒண்ணு, கை. தாழ்ப்பாள், குழாய், மக்குன்னு எல்லாத்தையும் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாம அப்படியே டிபன் பாக்ஸைத் திறந்தா வயித்துப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சக்காமாலையில ஒரு வகை, இதெல்லாம் அந்த வழியிலதான் போகுது. இன்னொண்ணு தண்ணி. நாள் பூரா திறந்து கிடக்கிற பக்கெட்டுல எல்லாரும் கையை விட்டு மொண்டு அதே தண்ணியில கழுவுறதுக்கு பதிலா குழாய்ல இருந்து நேரா வர்ற தண்ணி எப்பவும் நல்லது. கழுவும்போது முன்னாடி இருந்து பின்னாடியா கழுவணும், இதை நம்ம ஊர்ல எந்த ஸ்கூல்லயும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல. மூணாவது, எல்லாத்தையும்விடப் பெருசு, அழுக்கா இருக்குன்னு போகாமலே இருக்கிறது.

தண்ணி குடிக்காம சமாளிக்கிறது

இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதைத் தப்புன்னே யாரும் நினைக்கிறதில்ல. தண்ணி குறைஞ்சா சிறுநீர் குறையும், கெட்டியாகும், கழுவி விட ஆளே வராது. 2018ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அடிக்கடி தொற்று வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்களை எடுத்து, பாதிப் பேரை வழக்கத்தைவிட தினமும் ஒன்றரை லிட்டர் அதிகமா குடிக்கச் சொல்லி ஒரு வருஷம் பாத்தாங்க. அதிகமா குடிச்சவங்களுக்கு தொற்று வந்த தடவை ஏறக்குறைய பாதியா குறைஞ்சது. மருந்து இல்ல மாத்திரை இல்ல, வெறும் தண்ணி. ஆனா ஒன்றரை லிட்டர் உள்ள போனா அது வெளிய வரவும் ஒரு இடம் வேணும், வேலை இடத்துல அது இல்லாதப்ப "நிறைய தண்ணி குடிம்மா"ன்னு டாக்டர் சொல்ற அட்வைஸ் கதவு வரைக்கும் போய் நின்னுடுது.

வெயில் சேர்ந்தா இன்னும் மோசம். செங்கல் சூளை, உப்பளம், அயர்னிங் செக்‌ஷன், தகரக் கூரை போட்ட ஷெட்டு, இங்கல்லாம் வேர்வையிலயே பாதித் தண்ணி போயிடும், மிச்சத்தையும் குடிக்காம இருந்தா கிட்னிக்கு வேலை கடினமாகும், கல்லு உருவாகவும் வாய்ப்பு கூடும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துல இருக்கிற வித்யா வேணுகோபால் குழு 2016ல வெளியிட்ட ஆய்வு இதைப் பத்தினதுதான், சூட்டுல வேலை பாக்குற, கழிப்பறை வசதி சரியில்லாத பெண்கள் சிறுநீர் சம்பந்தமான தொந்தரவு இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. சூடு ஒரு பிரச்சினை, டாய்லெட் இல்லாதது வேற பிரச்சினைன்னு பிரிச்சுப் பாக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காருது.

நம்ம ஊர்ல எரிச்சலா போனா உடனே "உடம்பு சூடு பிடிச்சிருக்கு"ன்னு சொல்லி கால் பெருவிரல்ல சுண்ணாம்பு தடவுவாங்க, பார்லி தண்ணி குடுப்பாங்க. பார்லி தண்ணி நல்லதுதான், எப்படியோ தண்ணி உள்ள போகுது. ஆனா கிருமி உள்ள புகுந்துட்ட பிறகு சூடு சூடுன்னு நாளைக் கடத்துறதுதான் கஷ்டத்துல கொண்டு விடுது. பையில இருக்கிற தொற்று மேல கிட்னிக்கு ஏறினா குளிரோட காய்ச்சல், ஒரு பக்கம் இடுப்புக்கு மேல முதுகு வலி, வாந்தின்னு வரும். அப்ப அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு லேசான எரிச்சலா இருந்தாலும் தள்ளிப் போடக்கூடாது, குறைப்பிரசவம் வரைக்கும் கொண்டு போகலாம். மெடிக்கல் ஷாப்புல "போன தடவை குடுத்த அதே மாத்திரை"ன்னு ரெண்டு நாளைக்கு வாங்கிப் போட்டு பாதியில நிறுத்துறவங்க நிறைய, அது கிருமியை அந்த மருந்துக்கே அடங்காம பண்ணிடும்.

"நான் பத்து வருஷமா அடக்குறேன், பழகிடுச்சு"ன்னு சொல்றவங்களும் உண்டு. வருஷக்கணக்கா அடக்கினா "போகணும்"ங்கற உணர்வு மங்கிப் போகலாம், போனாலும் பை முழுசா காலியாகாம இருக்கலாம், அதைத்தான் அவங்க பழக்கம்னு நினைச்சுக்கிறாங்க.

சுருக்கமா, தண்ணியைக் குறைச்சா பாதுகாப்பும் குறையுது. சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா பரவால்ல, நாள் பூரா அடர் மஞ்சளா இருந்தா உடம்புக்குத் தண்ணி பத்தல.

மாசத்துல அந்த நாட்கள்

நாப்கினை நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு எல்லாருக்கும் தெரியும். காலையில எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒம்பதுக்கு வீடு சேர்றவங்க எங்க போய் மாத்துவாங்க? ஈரத்தோட நாள் பூரா நின்னு நடந்தா தொடை இடுக்குல தோல் உரிஞ்சு புண்ணாகும், அரிப்பு வரும், அதோட மறுநாளும் அதே பன்னெண்டு மணி நேரம் நிக்கணும்.

இதுல ஒரு சின்ன விஷயம் எப்படிப் பெருசாகுதுன்னு பாருங்க. மூடி போட்ட குப்பைத்தொட்டி ஒண்ணு வெச்சிருக்க மாட்டாங்க. பயன்படுத்தினதை கையில பிடிச்சுக்கிட்டு ஆம்பளைங்க நிக்கிற வழியா வெளிய வர முடியாது, அதனால உள்ளயே போட்டுத் தண்ணி ஊத்திடுவாங்க. பைப் அடைச்சுக்கும். அடைச்சதும் "பொம்பளைங்களுக்கு ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல"ன்னு பூட்டுப் போட்டுடுவாங்க, சாவி ஆபீஸ் ரூம்ல தொங்கும். ஒரு வாளி விலையில முடியவேண்டிய விஷயம் இது. அந்தத் தொட்டியை தினமும் காலி பண்ண ஒரு ஆளும், அந்த ஆளுக்குக் கையுறையும் சேர்த்துதான் கேக்கணும், இல்லன்னா நம்ம கஷ்டத்தை அப்படியே இன்னொரு பொண்ணு தலையில தள்ளுறோம்.

ஆம்பளைங்களுக்கு இது இல்லையா?

இருக்கு. ஏடிஎம் வாசல்ல உக்காந்திருக்கிற செக்யூரிட்டி அண்ணன், டெலிவரி பசங்க, பஸ் டிரைவருங்க எல்லாரும் அடக்குறவங்கதான். குழாய் நீளமா இருக்கிறதால இளவயசு ஆண்களுக்கு தொற்று கம்மி, ஆனா கல்லு, தண்ணிக் குறைச்சல், வயசான பிறகு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற புராஸ்டேட்ங்கற சுரப்பி வீங்கி பை காலியாகாம போறது, இதெல்லாம் அவங்களுக்கும் உண்டு. சுவத்தோரமா ஒதுங்க முடியுதுங்கறதை வசதின்னு கணக்கு வெக்கக்கூடாது. திருநர்கள் நிலைமை இன்னும் கஷ்டம், ரெண்டு கதவுல எதுக்குள்ள போனாலும் முறைப்பாங்க.

சட்டம் என்ன சொல்லுது

இதெல்லாம் முதலாளி மனசு வெச்சு செய்ற தர்மம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்துலயே 19வது பிரிவுல ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா மறைப்போட கழிப்பறை இருக்கணும், வெளிச்சமும் காத்தும் இருக்கணும், சுத்தமா வெச்சிருக்கணும், தொழிலாளிங்க ஃபேக்டரியில இருக்கிற நேரம் முழுக்க எப்ப வேணும்னாலும் போற மாதிரி இருக்கணும்னு எழுதியிருக்காங்க. அந்த "எப்ப வேணும்னாலும்"தான் டோக்கன் முறைக்கும் பூட்டுக்கும் பதில். 18வது பிரிவு குடிதண்ணி பத்தினது, 42வது பிரிவு கை கால் கழுவுற வசதி பத்தினது. விதிகள்ல வழக்கமா இருக்கிற கணக்கு 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

இப்போ 2020ல நிறைவேறின தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்து பழைய சட்டத்தோட இடத்தைப் பிடிச்சிருக்கு. இது ஃபேக்டரியோட நிக்காம, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடை, ஆபீஸ் வரைக்கும் வருது. இதோட 23வது பிரிவுல ஆண், பெண், திருநர்னு தனித்தனியா கழிப்பறை ஏற்பாடு பத்திப் பேசியிருக்காங்க, திருநர் பேர் சட்டத்துக்குள்ள வந்தது நல்ல முன்னேற்றம். காண்ட்ராக்ட்ல வந்த ஆளு, அவருக்கு நாங்க பொறுப்பில்லன்னு கம்பெனி கையை விரிக்கவும் முடியாது.

கடைகள் கதைக்கு கேரளாவைப் பாக்கணும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல துணிக்கடைப் பெண்களை வெச்சு பி. விஜி ஆரம்பிச்ச பெண்கூட்டு அமைப்பு முதல்ல கையில எடுத்ததே டாய்லெட் பிரச்சினையைத்தான். அதுல இருந்துதான் வேலை நேரத்துல உக்கார்ற உரிமைக்கான போராட்டம் வளர்ந்து 2018ல கேரளாவுல சட்டமே மாறிச்சு. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22ஏ பிரிவு சேர்த்து, நின்னுக்கிட்டே வேலை பாக்குற எல்லாருக்கும் இருக்கை குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. நம்ம தி.நகர் கடைங்கள்ல இன்னைக்கு ஒரு ஸ்டூல் கண்ணுல படுதுன்னா அந்தத் தெருவுல ஆரம்பிச்சதுக்கும் அதுல பங்கு இருக்கு.

நாம என்ன பண்ணலாம்

உடம்புக்கு முதல்ல: மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை போயே ஆகணும்னு வெச்சுக்குங்க, டாய்லெட் சுமாரா இருந்தாலும் பரவால்ல, போகாம இருக்கிறதைவிட அது நல்லது. கைப்பையில ஒரு சின்ன சோப்பு, ஒரு தண்ணி பாட்டில், பேப்பர்ல சுத்தின ரெண்டு நாப்கின். ஷிப்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் சாப்பாட்டு நேரத்துலயும் கட்டாயம் போயிடுங்க. தண்ணியை ஒரேடியா குடிக்காம கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா தாங்கலாம். ஆனா இது எல்லாமே தற்காலிகம், முதலாளி செய்யவேண்டியதை நம்ம கைப்பைக்குள்ள தூக்கிச் சுமக்கிறோம், அதை மறந்துடக்கூடாது.

கேக்கும்போது "டாய்லெட் சரியில்ல"ன்னு பொதுவா கேக்காதீங்க, பாக்குறோம்னு சொல்லி முடிச்சுடுவாங்க. ரெண்டாவது மாடி பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேணும், மதியம் ரெண்டு மணிக்கு மேல தண்ணி வர்றதில்ல, சோப்பு வேணும், மூடி போட்ட தொட்டி வேணும், டோக்கன் இல்லாம போக விடணும்னு ஒண்ணொண்ணா, தேதி போட்டு, எழுதிக் குடுங்க. தனியா ஒரு பொண்ணு குடுத்தா அவளைத்தான் குறி வெப்பாங்க, இருபது பேர் கையெழுத்துப் போட்டா அது முடியாது. ஒரு காப்பி கைல வெச்சுக்குங்க, பூட்டின கதவு, காஞ்ச குழாய் இதையெல்லாம் போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க.

அப்பவும் நடக்கலன்னா, ஃபேக்டரியா இருந்தா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கடையா இருந்தா தொழிலாளர் துறையோட ஆய்வாளர். புகார் குடுத்தது யாருன்னு ஆய்வாளர் முதலாளிகிட்ட சொல்லக்கூடாதுங்கறது சர்வதேச தொழிலாளர் அமைப்போட 81வது ஒப்பந்தத்துலயே இருக்கு, இந்தியா அதை 1949லயே ஏத்துக்கிச்சு. புகார்ல ஷிப்டு நேரத்தையும் எத்தனை பெண்கள், எத்தனை கழிப்பறைங்கற எண்ணிக்கையையும் எழுதுங்க, வர்ற ஆய்வாளர் காலையில கழுவி விட்ட தரையை மட்டும் பாத்துட்டுப் போகாம இருக்க அதுதான் உதவும்.

நாலஞ்சு பேர் மட்டும் வேலை பாக்குற சின்னக் கடைங்கள்ல உள்ள இடமே இருக்காது. அங்க பக்கத்துக் கட்டடத்து ஓனர்கிட்டயோ காம்ப்ளெக்ஸ் நிர்வாகத்துகிட்டயோ கடை ஓனரே பேசி சாவி ஒண்ணு வாங்கி, அதை கல்லாவுல வெக்காம வேலை பாக்குறவங்க கைக்கு எட்டுற ஆணியில மாட்டி வெக்கச் சொல்லுங்க.